கணக்கெடுப்பவர் யார்? விவசாயப் பொருளியல் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க விவசாயப் பொருளியல் துறையில் கறுப்பினத்தவர் ஏன் இவ்வளவு குறைவு என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமில்லாததால் நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டோம். அதன்பிறகு வந்த கடிதங்களில் சில "அது அவர்கள் கதை, எங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்கின்றன. சில "விண்ணப்பிப்பது எப்படி?" என்று மட்டும் கேட்கின்றன. இரண்டுக்கும் இந்த முறை விரிவாகப் பதில் தருகிறோம்.

கே: விவசாயப் பொருளியல் என்றால் வயலில் வேலையா, வங்கியில் வேலையா? மகள் உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் எடுத்திருக்கிறாள்.
எம். ஆர்., கொட்டாஞ்சேனை

ப: கோவாவை (முட்டைக்கோஸ்) எப்படி வளர்ப்பது என்பது பயிரியல். அதை வளர்க்க என்ன செலவு, யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், இடையில் யார் கையில் எவ்வளவு தங்குகிறது, உர மானியத்தை நிறுத்தினால் எத்தனை ஏக்கர் தரிசாகும் என்பதெல்லாம் விவசாயப் பொருளியல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நுவரெலியாவில் விவசாயி கோவாவைக் கிலோ 80 ரூபாவுக்குக் கொடுக்கிறார், வெள்ளவத்தைச் சந்தையில் நீங்கள் 200 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 120 ரூபாவும் இடைத்தரகர் அடித்த கொள்ளை என்று பஸ்ஸில் பேசிக்கொள்வோம். பொருளியல் படித்தவர் முதலில் கேட்பது வேறு: 100 கிலோ ஏற்றினால் கடைத்தட்டுக்கு எத்தனை கிலோ வந்து சேர்ந்தது? மூடையில் அமுங்கியதும் இலை கழித்ததும் போக 70 கிலோதான் விற்கத்தக்கது என்றால், கடைக்காரருக்குக் கிடைப்பது 14,000 ரூபா. விவசாயிக்குப் போனது 8,000. மிச்சம் 6,000, அதாவது ஏற்றிய ஒரு கிலோவுக்கு 60 ரூபாதான். அதற்குள்தான் லொறிக் கூலி, மூடை தூக்கும் நாட்டாமையின் கூலி, தரகு, கடை வாடகை, இலாபம் எல்லாம் அடங்கவேண்டும். 120 என்று நினைத்தது 60 ஆகிவிட்டது. அரசாங்கம் செய்யவேண்டியதும் மாறிவிட்டது. தரகரைத் துரத்துவதைவிட பிளாஸ்டிக் கூடையில் ஏற்றவைப்பது அதிகம் பலன் தரக்கூடும். இப்படிக் கேட்டுக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு வயலிலும் வேலை இருக்கிறது, வங்கியிலும் இருக்கிறது.

கே: கறுப்பினத்தவர் அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்தியவர்கள். அப்படியிருந்தும் இந்தப் படிப்பில் ஏன் அருமையாகக் காணப்படுகிறார்கள்? ஆர்வம் இல்லையா?
கே. எஸ்., வெள்ளவத்தை

ப: ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது பிழை. ஒவ்வொரு வாசலாக அடைக்கப்பட்ட வரலாறு இது.

1862 இல் வந்த மொரில் சட்டம் மாநிலங்களுக்குக் காணி கொடுத்தது. அதை விற்ற பணத்தில் விவசாயக் கல்லூரிகள் எழுந்தன. தெற்கில் அவற்றின் கதவு கறுப்பின மாணவருக்குத் திறக்கவில்லை. 1890 இல் வந்த இரண்டாவது மொரில் சட்டம், ஒன்றில் அவர்களைச் சேருங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு கல்லூரி வையுங்கள் என்றது. தென் மாநிலங்கள் வேறு கல்லூரி வைத்தன. டஸ்கிகீ, வட கரோலைனா ஏ அண்ட் டி, பிரேரி வியூ, புளோரிடா ஏ அண்ட் எம் என்று இன்று 19 பல்கலைக்கழகங்கள் "1890 நிறுவனங்கள்" என்ற வரிசையில் இருக்கின்றன. கடைசியாகச் சேர்ந்தது ஒஹாயோவின் சென்ட்ரல் ஸ்டேட், 2014 இல்.

கல்லூரி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. மத்திய அரசு ஒரு டொலர் தந்தால் மாநிலமும் ஒரு டொலர் போடவேண்டும் என்பது விதி. 1862 பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் அதைப் போடுகின்றன. 1890 பல்கலைக்கழகம் என்றால் பாதிப் பங்குவரை விலக்குக் கேட்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வருடாவருடம் பணம் ஒழுகியது. 2023 செப்டெம்பரில் மத்திய கல்விச் செயலாளரும் விவசாயச் செயலாளரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரை இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு வரவேண்டியிருந்து வராமல் போன தொகை 1,200 கோடி டொலருக்கு மேல் என்று அவை கணக்குக் காட்டின. பணம் இல்லாத பீடத்தில் விரிவுரையாளருக்குப் பாடச்சுமை கூடும், ஆராய்ச்சி குறையும், கலாநிதிப் பட்டம் கொடுக்கும் பிரிவு வளராது. பேராசிரியராக வரவேண்டியவர் அங்கேயே தடைப்படுகிறார்.

அடுத்தது காணி. 1920 தொகைமதிப்பில் கறுப்பின விவசாயிகள் சுமார் 9 இலட்சத்து 25 ஆயிரம், அதாவது ஏழு விவசாயிகளில் ஒருவர். 2017 இல் 49 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, எழுபதில் ஒருவர். 1920 இல் ஒரு பண்ணைக்கு ஒருவரைத்தான் எண்ணினார்கள். 2017 இல் ஒரு பண்ணைக்கு நான்கு பேர்வரை பதியலாம். ஆகவே உண்மையான வீழ்ச்சி இந்த எண்கள் காட்டுவதைவிடச் செங்குத்தானது. மூலத்தைத் திறந்து பார்க்காமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

காணி எப்படிப் போனது? அதில் ஒரு வழியை எங்கள் ஆட்களுக்கு விளக்கவே தேவையில்லை: பிரிபடாத பங்கு. மரணசாசனம் எழுதாமல் தாத்தா இறந்தால் காணி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகிவிடும். மூன்றாம் தலைமுறையில் முப்பது பங்காளிகள் இருப்பார்கள். அவர்களில் சிக்காகோவில் இருக்கும் ஒருவரிடம் வெளியார் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போடுவார். நீதிமன்றம் முழுக் காணியையும் ஏலத்தில் விடும். கையில் பணம் உள்ளவர் எடுத்துக்கொள்வார். வழக்கு வராவிட்டாலும் உறுதி ஒருவர் பேரில் இல்லாததால் அரச கடனுக்கு அந்தக் காணியைக் காட்டமுடியாது. மற்ற வழி கடன் அலுவலகம். விதைப்புக் காலம் முடிந்தபிறகு வரும் கடன், கடன் வராததற்குச் சமம். அயல் வெள்ளையருக்கு நேரத்துக்கு வந்த பணம் தங்களுக்குப் பிந்தியது, குறைந்தது, மறுக்கப்பட்டது என்று கறுப்பின விவசாயிகள் விவசாயத் திணைக்களத்துக்கு எதிராகத் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999 இல் இணக்கத்துக்கு வந்தது. நிலைநாட்டப்பட்ட கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளுக்கு 50,000 டொலர் கொடுத்தார்கள். கோரிக்கை கொடுக்கும் தவணை பிந்தியவர்களுக்காக 2010 இல் இன்னொரு 125 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அந்த அலுவலக வாசலில் அவமானப்பட்டுத் திரும்பிய தகப்பன், மகனை விவசாயப் பீடத்துக்கு அனுப்பத் தயங்கியதில் என்ன புதுமை?

இதையெல்லாம் தாண்டிப் படித்தவர்களுக்கும் வேலை வாசல் மூடியே இருந்தது. சேடி டனர் மொசெல் அலெக்ஸாண்டர் 1921 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அந்தப் பட்டம் பெற்ற முதலாமவர் அவர். பொருளியலாளராக வேலை கிடைக்காமல் சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

கே: இத்துறையில் பெயர் பெற்ற கறுப்பினப் பொருளியலாளர் யாராவது இருக்கிறார்களா? எங்கள் நிலைமையோடு தொடர்புள்ளவராகச் சொல்லுங்கள்.
த. வி., தெஹிவளை

ப: ஆர்தர் லூயிஸ். மலையகத் தமிழர் ஒவ்வொருவரும் இவர் பெயரை அறிந்திருக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

1915 இல் கரிபியன் தீவான சென்ட் லூசியாவில் பிறந்தவர். பொறியியலாளராக வரத்தான் ஆசைப்பட்டார். அரசாங்கமோ வெள்ளையர் நிறுவனங்களோ கறுப்பு எஞ்ஜினியருக்கு வேலை தராது என்று தெரிந்து அதைக் கைவிட்டார். 18 வயதில் லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போனார். 1979 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதைப் பகிர்ந்துகொண்டவர் தியடோர் ஷுல்ட்ஸ் என்ற விவசாயப் பொருளியலாளர்.

லூயிஸ் கேட்ட கேள்வி எங்கள் தேயிலைக் கொழுந்தைப் பற்றியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு பெரும் மனித வெள்ளங்கள் கடல் தாண்டின. ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் சுமார் 5 கோடிப் பேர் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். 1880களில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி ஒரு ஷில்லிங், அவுஸ்திரேலியாவில் பயிற்சியற்ற கட்டட வேலையாளுக்கு ஒன்பது ஷில்லிங். ஏன்? கொழுந்தெடுப்பவர் சோம்பேறி என்பதாலோ தேயிலை மலிவான பொருள் என்பதாலோ அல்ல. ஊரிலேயே இருந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் கூலியைத் தீர்மானித்தது. ஐரோப்பியரின் ஊரில் ஓர் ஏக்கர் கூடுதலாக விளைந்தது. அதைவிட அதிகம் தராவிட்டால் அவர் கப்பல் ஏறமாட்டார். திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சத்தில் கிடந்தவருக்கு ஒரு ஷில்லிங்கே அதிகம். தேயிலை குளிர்நாட்டுப் பயிராக இருந்திருந்தால் அதன் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்திருக்கும் என்று லூயிஸ் எழுதினார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கொழுந்தின் விளைச்சலை மட்டும் கூட்டினால் நன்மை லண்டனில் தேநீர் குடிப்பவருக்குப் போய்விடும். தொழிலாளிக்குத் தோட்டத்துக்கு வெளியே நல்ல மாற்று இருந்தால்தான் தோட்டத்துக்குள்ளும் கூலி ஏறும். கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் இளைஞர்கள் இறங்கியபிறகுதான் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சே எழுந்தது. 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா என்று வந்த குறைந்தபட்ச நாட்சம்பள வர்த்தமானிகளை அந்தப் பின்னணியோடு வாசித்துப் பாருங்கள்.

ஷுல்ட்ஸ் இவரோடு முரண்பட்டவர். ஏழை நாட்டு விவசாயத்தில் உபரி ஆட்கள் இருக்கிறார்கள் என்ற லூயிஸின் கருத்தை அவர் ஏற்கவில்லை. 1918–19 இன்புளுவென்சா காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தபோது விதைத்த பரப்பும் குறைந்ததே, உபரி என்றால் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டார். இருவரையும் சேர்த்துப் படிக்கிற மாணவர் நேர்முகத் தேர்வில் தடுமாறமாட்டார்.

இன்றைய தலைமுறையில் நைஜீரியாவின் அக்கின்வுமி அடெசினாவைக் குறிப்பிடலாம். 1988 இல் பர்டியூவில் விவசாயப் பொருளியல் கலாநிதி. விவசாய அமைச்சராக உர மானியத்தைக் கைத்தொலைபேசி வழியாக நேரடியாக விவசாயிக்குச் சேர்த்து நடுவில் இருந்தவர்களை ஒதுக்கினார். 2015 முதல் 2025 வரை ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியின் தலைவர். 2017 இல் உலக உணவுப் பரிசு பெற்றார். எத்தியோப்பியாவின் எலெனி கப்ரே மத்தின் 2008 இல் அந்நாட்டின் விளைபொருள் பரிவர்த்தனை நிலையத்தைத் தொடங்கினார்.

கே: பேச்சில் சிலர் "நீக்ரோ", "காப்பிரி" என்கிறார்கள். எழுதும்போது எதைப் பாவிப்பது?
ஆசிரியை, வத்தளை

ப: இரண்டும் வேண்டாம். கறுப்பினத்தவர், ஆபிரிக்க அமெரிக்கர் என்று எழுதுங்கள். புத்தளம் சிறம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் எங்கள் நாட்டுக் குடிமக்கள். வகுப்பில் அவர்களைப் பற்றியும் மரியாதையோடு சொல்லிக்கொடுங்கள்.

கே: கறுப்பினத்தவர் பட்டது அடிமைத்தனம். மலையகத்தவரை அவர்களோடு ஒப்பிடுவது மிகைப்படுத்தல் அல்லவா?
பொ. ச., கொழும்பு 13

ப: வரலாறு ஒன்றல்ல, ஒன்றென்று நாங்கள் சொல்லவுமில்லை. கங்காணி முறை வேறு, அடிமைச் சந்தை வேறு. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய எண்களை அந்தக் கூட்டத்தைச் சேராதவர்களே சேகரிக்கும்போது என்ன பிழை வரும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் வரைவிலக்கணம். அமெரிக்காவில் வருடம் 1,000 டொலருக்கு விளைபொருள் விற்றால், அல்லது விற்கக்கூடியதாக இருந்தால், அது "பண்ணை". இங்கே வீட்டு வருமான செலவின அளவீட்டில் 20 ஏக்கருக்குக் குறையாததும் 10 தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருப்பதுமான பெருந்தோட்டம் "தோட்டத்துறை". தோட்டத்தைத் துண்டாடிச் சிற்றுடைமையாகக் கொடுத்துவிட்டால் அதே குடும்பம் அதே லயத்தில் இருந்துகொண்டே "கிராமத்துறை"க்கு மாறிவிடக்கூடும். வறுமை வீதம் அசைந்தால், வாழ்க்கை மாறியதா, பெயர்ப்பலகை மாறியதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்தது கேள்வி. கொழும்பிலிருந்து போகும் கணக்கெடுப்பாளர் "போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்பார். அம்மா "இருபத்திரண்டு" என்பார். இருபத்திரண்டை நாட்சம்பளத்தால் பெருக்கிப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை பேர் விழுந்தது?" என்பது. தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளம் பதிந்தால் அது ஒரு "பேர்". கொழுந்தின் நிறை குறித்த அளவை எட்டாத நாளுக்கு அரைப்பேர்தான். 18 முழுப்பேரும் 4 அரைப்பேரும் என்றால் 20 பேர் சம்பளம், 22 அல்ல. 2024 இன் 1,350 ரூபாப்படி 2,700 ரூபா வித்தியாசம். கைக்காசுக்கு, அதாவது நாட்சம்பளத்துக்கு வெளியே கிலோக் கணக்கில், கொழுந்தெடுத்ததைத் தனியாகக் கேட்காவிட்டால் அது வருமானத்தில் சேராது. கேள்வியைத் தோட்ட உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க, அவரே மொழிபெயர்க்கக் கேட்டால், பதில் அவருக்காகச் சொல்லப்படும். இதெல்லாம் லயத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத அறிவு. அந்தப் பிள்ளை வினாக்கொத்து எழுதும் மேசையில் இருக்கவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். கறுப்பினப் பொருளியலாளர்கள் தங்கள் துறையில் தங்களுக்கு இடம் கேட்பதும் இதனால்தான்.

கே: கிளிநொச்சி பீடத்தில் விவசாயமாணி இறுதி வருடம். அமெரிக்காவில் முதுமாணி செய்ய ஆசை, கையில் பணமில்லை. 1890 பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்கு மட்டுமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
ந. ஜெ., வெள்ளவத்தை

ப: மட்டும் அல்ல. எந்த இனத்தவரும், எந்த நாட்டவரும் சேரலாம். டஸ்கிகீயிலும் பிரேரி வியூவிலும் விவசாயப் பொருளியல் முதுமாணி உண்டு. ஆனால் 1992 இல் தொடங்கிய "1890 நஷனல் ஸ்கொலர்ஸ்" புலமைப்பரிசில் அமெரிக்கப் பிரஜைகளுக்கு மட்டும். 2025 பெப்ரவரியில் அதையே நிறுத்திவைத்து, எதிர்ப்பு எழுந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி வேலைகளும் பொதுவாகப் பிரஜைகளுக்கே. அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நீங்கள் தேடவேண்டியது ஆய்வுக்கட்டுரையோடு கூடிய முதுமாணியும் ஆராய்ச்சி உதவியாளர் இடமும். பொதுப் பொருளியல் முதுமாணிக்கு அமெரிக்காவில் பணம் கிடைப்பது அரிது. விவசாயப் பொருளியலில் கிடைக்கிறது, ஏனென்றால் பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில் ஆள் எடுக்கிறார்கள். வாரம் 20 மணிவரை வேலை. அதற்குப் பதிலாகக் கல்விக் கட்டண விலக்கும் மாதப்படியும். கட்டணம் விலக்கு என்றால் எல்லாமே இலவசம் என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர். மாணவர் கட்டணங்களும் மருத்துவக் காப்புறுதியும் தனியாக வரலாம். கடிதம் வந்ததும் இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

ஓகஸ்டில் சேர வேண்டுமானால் முந்திய வருடம் ஜூனில் தொடங்குங்கள். ஜூன், ஜூலையில் எட்டுப் பத்துப் பீடங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பேராசிரியரின் அண்மைய கட்டுரைகளை வாசியுங்கள். செப்டெம்பருக்குள் ஆங்கிலப் பரீட்சை. ஜீஆர்ஈ என்ற பட்டப்பின் நுழைவுப் பரீட்சை பல இடங்களில் கட்டாயமில்லை, ஆனால் கணிதப் பகுதியில் நல்ல புள்ளி எடுக்க முடியுமென்றால் எடுங்கள். எங்கள் நாட்டுப் புள்ளித்தாளை வாசிக்கத் தெரியாத குழுவுக்கு அது துணை செய்யும். செப்டெம்பர், ஒக்டோபரில் பேராசிரியர்களுக்கு எழுதுங்கள். டிசெம்பர், ஜனவரியில் பெரும்பாலான விண்ணப்பங்கள் முடியும். பணத்தோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தருவது அங்கே வழக்கம். அதற்குமுன் அவசரப்படுத்தினால் மரியாதையாக நேரம் கேளுங்கள். பிறகு மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம், கொழும்பில் விசா நேர்முகம்.

எங்கே சறுக்குகிறார்கள் என்றால், முதலாவது கணிதத்தில். விவசாயமாணிப் புள்ளித்தாளில் மண்ணியலும் பூச்சியியலும் நிறைய இருக்கும், நுண்கணிதம் இருக்காது. அங்கே முதல் வாரமே கட்டுப்பாட்டுக்குட்பட்ட உச்சப்படுத்தல், லக்ராஞ்சு பெருக்கி என்று தொடங்கிவிடும். பலமாறி நுண்கணிதம், தாயம் (மெட்ரிக்ஸ்), நிகழ்தகவு மூன்றையும் புள்ளி வழங்கும் பாடமாக எங்காவது செய்து சான்றிதழ் சேர்த்துவிடுங்கள். ஸ்டாட்டா அல்லது ஆர் மென்பொருளில் ஒரு முழு ஆய்வாவது செய்திருக்கவேண்டும்.

இரண்டாவது மின்னஞ்சல். "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புகழ்மிக்க பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறேன்" என்று அறுபது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் அறுபதும் குப்பைக்குப் போகும். 150 சொல் போதும். அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்த முடிவு, உங்கள் ஆய்வில் எத்தனை குடும்பங்களிடம் என்ன தரவு எடுத்தீர்கள், அடுத்த வருடம் உதவியாளர் எடுக்கிறாரா என்று எழுதுங்கள். கிளிநொச்சியில் 120 நெற்செய்கையாளரிடம் எடுத்த நீர்ப்பாசனச் செலவுத் தரவு உங்களிடம் இருந்தால் அதுதான் உங்கள் பலம், அதை முதல் வரியில் வையுங்கள்.

மூன்றாவது பரிந்துரைக் கடிதம். "ஒழுங்கானவர், கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. கடிதம் தருபவரிடம் நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். "இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு" என்றால் அமெரிக்கருக்கு விளங்காது. வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாவது என்று கடிதத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

விண்ணப்பக் கட்டணத்தில் விலக்குக் கேட்கலாம். கேட்டவர்களுக்குப் பல பீடங்கள் கொடுக்கின்றன. கொழும்பில் உள்ள அமெரிக்க இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் முதுமாணிப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பியுங்கள். அமெரிக்க விதிகள் அடிக்கடி மாறும் காலம் இது, ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். பேராதனையில் உள்ள விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நல்ல மாற்றுகள்.

கே: படித்துவிட்டு வந்தால் கொழும்பில் வேலை உண்டா?
எஸ். எம்., பம்பலப்பிட்டி

ப: உண்டு. விஜேராம மாவத்தையில் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் இருக்கிறது. 1972 முதல் இயங்குகிறது, உணவுப் பொருள் விலைகளை நாளாந்தம் சேகரிக்கிறார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். உலகின் பெரிய விவசாய ஆராய்ச்சி வலையமைப்பைச் சேர்ந்த ஒரு நிறுவகத்தின் தலைமையகம் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது என்பது எங்கள் மாணவர் பலருக்குத் தெரியாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், மத்திய வங்கி, திட்டமிடல் சேவை, கமக்காப்புறுதி, வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, 1883 முதல் நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலத்தின் தரகு நிறுவனங்கள் என்பனவும் உண்டு. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்திலும் விவசாயப் பொருளியல் பிரிவு இருக்கிறது.

முதல் வேலை பெரும்பாலும் களக் கணக்கெடுப்பு. ஒப்பந்த வேலை என்று தட்டிக்கழிக்கவேண்டாம். மூன்று மொழியும் பேசக்கூடிய, தரவைத் தானே துப்புரவாக்கத் தெரிந்த கணக்கெடுப்பாளருக்கு அடுத்த ஆய்வில் மேற்பார்வையாளர் இடம் கிடைக்கும். தமிழ் மட்டும், அல்லது ஆங்கிலம் மட்டும் என்றால் அந்தப் படியில் நின்றுவிடுவீர்கள்.

கே: கறுப்பின மாணவர்கள் அமெரிக்காவில் அமைப்பாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிறார்கள் என்று அறிகிறோம். கொழும்பில் நாங்கள் சில பட்டதாரிகள் அப்படி ஒன்றைத் தொடங்கலாமா?
மூவர், வெள்ளவத்தை

ப: தொடங்குங்கள். அங்கே இரண்டு மாதிரி இருக்கிறது. ஒன்று, அமெரிக்க விவசாய, பிரயோகப் பொருளியல் சங்கத்துக்குள்ளேயே கறுப்பினத்தவரின் வாய்ப்பையும் நிலையையும் கவனிக்கும் பிரிவு, சுருக்கமாகக் கோஸ்பே. வெளியே நின்று குறை சொல்லாமல், வருடாந்த மாநாட்டில் தங்கள் ஆய்வுகளுக்கு அமர்வு, மூத்தவர் இளையவர் சந்திப்பு, துறையில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு ஆகியவற்றை உள்ளேயிருந்தே பெற்றார்கள். மற்றது 1980களில் மிச்சிகன் ஸ்டேட், பென் ஸ்டேட் மாணவர்களிடம் முளைத்த மான்ரஸ், அதாவது விவசாய, இயற்கைவளத் துறைகளில் உள்ள சிறுபான்மையினரின் அமைப்பு. பல்கலைக்கழகந்தோறும் கிளைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தனிக் கிளை உண்டு. அதன் மாநாட்டில் வேலை கொடுப்பவர்கள் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள், மாணவர் சுயவிபரக் கோவையோடு வரிசையில் நிற்பார்கள்.

உங்களுக்கு மாநாடு இப்போது வேண்டாம். முதலில் எண்ணுங்கள். ஏழு விவசாயப் பீடங்களிலும் விவசாயப் பொருளியலைச் சிறப்பாக எடுத்த தமிழ்மொழி மூல மாணவர் எத்தனை, அதில் மலையகத்தவர் எத்தனை, முதுமாணிக்குப் போனவர் எத்தனை? ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாள் இல்லாமல் யாரிடமும் உதவி கேட்கமுடியாது. பிறகு ஒரு மூத்தவருக்கு இரண்டு மாணவர் வீதம் ஒதுக்குங்கள், மூன்றுக்கு மேல் கொடுத்தால் ஒருவரும் கவனிக்கப்படமாட்டார். மாதம் ஒரு தடவை, ஒரு வரைவை மட்டும் திருத்துவதற்குச் சந்தியுங்கள். பொதுப்பேச்சு வைத்தால் மூன்றாவது மாதம் ஆள் வராது.

பள்ளிப் பிள்ளைகளிடம் போகும்போது இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் வாரத்தில் பிள்ளை கேட்பது அவர்களைத்தான். மருத்துவம் தவறியதும் விவசாயத்தை ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எழுதிவிட்டு விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விவசாயக் கற்கைநெறிக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனிக் குறியீடு, தனித்தனி வெட்டுப்புள்ளி. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம். நுவரெலியாவும் பதுளையும் கடைசிப் பிரிவிலும் வருகின்றன. கொழும்பில் தங்கிப் படித்தாலும் எந்த மாவட்டத்தின் கீழ் வருவார் என்பதைப் பாடசாலைப் பதிவுகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். உயர்தரத்துக்குப் பிள்ளையைக் கொழும்புக்கு மாற்றுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பக்கத்தைப் பெற்றோரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.